ஒரே ஜிப் கோப்பு, ஆளுக்கொரு வகை: ஹைக்குவில் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

ஹைக்கு இயங்குதளத்தில் வேலை செய்கிறவர்கள் என்றைக்காவது இந்தத் தொல்லையைப் பார்க்காமல் தப்ப முடியாது. ஒரே சுட்டியிலிருந்து ஒரே எழுத்துருத் தொகுப்பை இரண்டு கணினிகளில் இறக்குகிறோம். ஒன்றில் ஜிப் சின்னம் வருகிறது. இருமுறை சொடுக்கினால் எக்ஸ்பாண்டர் திறந்து பிரித்துத் தருகிறது. மற்றதில் அதே பெயர், அதே அளவு, ஆனால் அடையாளமில்லாத பொதுச் சின்னம். சொடுக்கினால் பொருத்தமான செயலி இல்லை என்ற அறிவிப்புதான் மிச்சம். கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மறுபடியும் இறக்குவார்கள். கைப்பேசியின் டேட்டா கரையும். கோப்பு அப்படியேதான் இருக்கும்.

தண்டையார்பேட்டையில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் கணினிகள் எல்லாம் பழையவை. ஹைக்குவின் 32 பிட் பதிப்புக்கு 384 எம்பி நினைவகமே போதும் என்பதால்தான் அவற்றுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. "அக்கா, ஒரே கோப்புதானே, அவளுக்கு மட்டும் எப்படித் திறக்கிறது?" என்று பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு நேரான, முழுமையான பதில் ஒன்று இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலில் காரணம், பிறகு அறிகுறி வாரியாக மருந்து. அவசரமாக இருப்பவர்கள் தங்கள் அறிகுறிக்கு நேரே போய்விடலாம். ஆனால் காரணத்தைப் படித்துவிட்டுப் போனால் அடுத்த முறை யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

வகையை எழுதுவது யார்

விண்டோஸில் பழகியவர்களுக்குக் கோப்பின் வகை என்றால் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பிறகு வரும் நீட்சிதான். ஹைக்குவில் அப்படியில்லை. 1990இல் ழான்-லூயி காசே தொடங்கிய பி நிறுவனம் உருவாக்கிய பிஓஎஸ் இயங்குதளத்தின் வழித்தோன்றல் ஹைக்கு. 2001இல் அந்த நிறுவனத்தின் சொத்துகளைப் பாம் நிறுவனம் வாங்கிக்கொண்டது. அதே ஆண்டில் ஆர்வலர்கள் ஓப்பன்பிஓஎஸ் என்ற பெயரில் மறுஆக்கத்தைத் தொடங்கினார்கள். 2004இல் அது ஹைக்கு ஆனது. பிஓஎஸ்ஸிடமிருந்து வந்த பெரிய சொத்து பிஎஃப்எஸ் கோப்பு முறைமை. அதில் ஒவ்வொரு கோப்புக்கும் உள்ளடக்கம் ஒருபுறம், பண்புகள் இன்னொருபுறம். கோப்பின் வகையும் ஒரு பண்புதான். பிஇஓஎஸ், முக்காற்புள்ளி, டைப் என்று பெரிய எழுத்துகளில் அதற்குப் பெயர். அதற்குள் அப்ளிகேஷன்/ஜிப் என்பது போன்ற மைம் வகை, அதாவது இணைய வழக்கில் கோப்பின் வகைக்குக் கொடுக்கும் பெயர், எழுதப்பட்டிருக்கும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். கதவில் ஒட்டிய சீட்டு ஒன்றைச் சொல்லலாம். உள்ளே இருக்கும் சரக்கு வேறாக இருக்கலாம். வகைப் பண்பு அந்தச் சீட்டு. ஹைக்குவின் கோப்பு மேலாளரான ட்ராக்கர் காட்டும் சின்னம், சொடுக்கினால் திறக்கும் செயலி, தேடலில் அகப்படுவது எல்லாமே சீட்டைப் பார்த்துத்தான் நடக்கின்றன.

அந்தச் சீட்டை எழுதக்கூடியவர்கள் பலர். கோப்பை அனுப்பும் சர்வர், இது இன்ன வகை என்று ஒரு தலைப்பு வரியைச் சேர்த்து அனுப்புகிறது. உலாவி அதை அப்படியே பண்பாக எழுதிவிடலாம். ரெஜிஸ்ட்ரார் என்ற பின்னணிச் சேவை, கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் பைட்டுகளையும் பெயரின் நீட்சியையும் பார்த்து ஊகித்து எழுதலாம். டெர்மினலில் கட்டளை மூலம் இறக்கினால், இறக்கிய கருவி எதையும் எழுதாமல் விட்டு, ஊகிக்கும் வேலை முழுவதும் ரெஜிஸ்ட்ராரிடம் வந்து சேரலாம். யார் முந்திக்கொள்கிறார்களோ அவர்களுடைய எழுத்து நிற்கிறது. ஏற்கெனவே வகை எழுதியிருந்தால் ஹைக்கு மரியாதையாக அதை விட்டுவிடும், தவறாக இருந்தாலும்கூட. இந்த மரியாதைதான் நம் தொல்லைக்கு வேர்.

கை வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பெயரை மாற்றிப் பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அதைச் செய்யாதீர்கள். வகைப் பண்பு ஏற்கெனவே இருக்கும்போது பெயரை மாற்றினாலும் வகை மாறாது. பிறகு எது மூலப் பெயர் என்ற குழப்பம் வேறு சேரும்.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். கோப்பின் மேல் வலச்சொடுக்கு, ஆட்-ஆன்ஸ், அதில் ஃபைல்டைப். வரும் சாளரத்தில் வகை முழுமையாகத் தெரியும். டெர்மினல் பழகியவர்களுக்கு லிஸ்ட்ஆட்டர் கட்டளை இருக்கிறது: லிஸ்ட் என்பதோடு ஏ, டி, டி, ஆர் சேர்த்து, எல்லாம் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். கோப்பின் எல்லாப் பண்புகளையும் அது வரிசையாகக் காட்டும். ஒரு பண்பின் உள்ளே எழுதியிருப்பதைப் படிக்க அதே பாணியில் கேட்ஆட்டர். வெப்பாசிடிவ் உலாவியில் இறக்கிய கோப்பானால் மெட்டா யூஆர்எல் என்றொரு பண்பும் இருக்கும். எந்த முகவரியிலிருந்து வந்தது என்பது அதில் பதிவாகியிருக்கும். இரண்டு கணினிகளில் இரண்டு வகை வந்தால், இரண்டும் ஒரே முகவரியிலிருந்துதான் வந்தனவா என்று இதை வைத்துப் பார்த்துவிடலாம். ஒரே பொத்தானை அழுத்தினாலும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு மிரர் (நகல்) சர்வருக்குத் திருப்பிவிடும் தளங்கள் உண்டு. ஒவ்வொரு மிரரும் தன் இஷ்டப்படி வகை சொல்லும்.

அடுத்தது சரக்கைப் பார்ப்பது. ஹைக்குவோடு வரும் டிஸ்க்புரோப் செயலியில் கோப்பைத் திறந்தால், இடப்புறம் பைட்டுகள் எண்களாகவும் வலப்புறம் எழுத்துகளாகவும் தெரியும். ஜிப் என்றால் முதல் இரண்டு எழுத்துகள் பி, கே. 1989இல் பிகேஜிப் என்ற சுருக்கும் நிரலை வெளியிட்ட ஃபில் காட்ஸின் பெயர்ச்சுருக்கம் அது. இன்றைக்கும் ஒவ்வொரு ஜிப் கோப்பின் தலையிலும் அவர் இருக்கிறார். ஜிஜிப் என்ற வேறொரு சுருக்க முறை என்றால் முதல் பைட்டுகள் 1எஃப், 8பி. பிஜிப்2 என்றால் பி, இசட், எச் என்ற மூன்று எழுத்துகள். செவன்-ஜிப் என்றால் 7, இசட். எக்ஸ்இசட் கோப்பில் முதலில் ஒரு புரியாத பைட், அதன் பிறகு 7இசட்எக்ஸ்இசட் என்று கண்ணில் படும். ஹைக்குவின் சொந்தப் பொதி என்றால் எச்பிகேஜி என்ற நான்கு எழுத்துகள். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டி வைப்பது டார்; சுருக்கப்படாத டார் கோப்பின் தலையில் உள்ளே இருக்கும் முதல் கோப்பின் பெயர்தான் தெரியும். 257ஆவது இடத்துக்குப் போனால் யூஸ்டார் என்ற சொல் பெரும்பாலும் இருக்கும். ஒருமுறை பார்த்துப் பழகிவிட்டால் போதும், கோப்பைத் திறந்த கணத்தில் இன்னது என்று சொல்லிவிடுவீர்கள். எங்கள் வகுப்பில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

இரண்டு கணினிகளை ஒப்பிடுவதென்றால் எஸ்எச்ஏ256சம் கட்டளையை இரண்டிலும் ஓட்டுங்கள். 64 எழுத்துகளில் ஒரு கைரேகை வரும். இரண்டும் ஒன்றாக இருந்தால் கோப்புகள் பைட்டுக்குப் பைட் ஒன்றே. பண்புகள் இந்தக் கணக்கில் சேராது என்பதுதான் இதன் அருமை: கைரேகை ஒன்று, சின்னம் வேறு என்றால், கோளாறு சீட்டில் மட்டும்தான் என்று அடித்துச் சொல்லலாம். மறுபடி இறக்கவே தேவையில்லை.

அறிகுறி: பொதுச் சின்னம், வகையில் ஆக்டெட்-ஸ்ட்ரீம்

மிகப் பரவலானது இது. அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம் என்றால் "ஏதோ பைட்டுகள்" என்று பொருள். எனக்குத் தெரியாது என்று சர்வர் கையை விரித்துவிட்டது. உலாவி அதை எழுதி வைத்துவிட்டால், அதற்குப் பிறகு யாரும் ஊகிக்க முனைவதில்லை.

ட்ராக்கரில் கோப்பைத் தேர்ந்து, பட்டியில் ஐடென்டிஃபை என்பதைச் சொடுக்குங்கள். சில சமயம் அதுவே போதும். போதவில்லையென்றால் டெர்மினலில் மைம்செட் கட்டளையைப் பெரிய எஃப் தெரிவோடு, அந்த ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள். சிறிய எஃப் கொடுத்தால் மற்ற விவரங்கள் புதுப்பிக்கப்படும், வகை அப்படியே இருக்கும். பெரிய எஃப்தான் பழைய வகையை அழித்து எழுதும். இந்த ஓர் எழுத்து வேறுபாட்டைக் கவனிக்காமல் மைம்செட் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடுகிறவர்கள் பலர்.

இன்னொரு வழி, எனக்குப் பிடித்த வழி: ஃபைல்டைப் சாளரத்தில் வகைப் பெட்டிக்கு அருகே இருக்கும் 'சேம் ஆஸ்' பொத்தான். அதை அழுத்தி, சரியாகத் திறக்கும் வேறொரு ஜிப் கோப்பைக் காட்டினால், அதன் வகை இதற்கும் வந்துவிடும். எழுத்துப்பிழைக்கு இடமே இல்லை. மைம் வகையின் பெயரைக் கையால் அடிக்கும்போது ஒரு சாய்கோடோ சிறுகோடோ விட்டுப்போனால், இல்லாத ஒரு வகை பிறந்து, கோப்பு முன்னைவிட அநாதையாகிவிடும்.

இதற்கு உறவான இன்னொன்று அப்ளிகேஷன்/எக்ஸ்-ஜிப்-கம்ப்ரெஸ்டு. விண்டோஸ் உலகத்தில் ஜிப்புக்கு வழங்கும் இன்னொரு பெயர் அது. அரசுத் தளங்களிலிருந்தும் பழைய தளங்களிலிருந்தும் தமிழ் எழுத்துருத் தொகுப்புகளை இறக்கும்போது எங்களுக்கு இது அடிக்கடி எதிர்ப்படும். மருந்து அதேதான்: வகையை அப்ளிகேஷன்/ஜிப் என்று மாற்றிவிடுங்கள். டெர்மினலில் என்றால் செட்டைப் கட்டளை, சிறிய டி தெரிவு, புதிய வகை, கடைசியில் கோப்பின் பெயர்.

அறிகுறி: டார்.ஜிஇசட் கோப்பு ஒருமுறை டார் என்கிறது, ஒருமுறை ஜிஜிப் என்கிறது

டார் கோப்பை ஜிஜிப்பால் சுருக்கியதுதான் டார்.ஜிஇசட். இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இங்கே இரண்டு வேறு நோய்கள் ஒரே முகத்தோடு வருகின்றன.

சில சர்வர்கள் இந்தக் கோப்பை ஜிஜிப் என்று நேராகச் சொல்லி அனுப்பும். வேறு சில, அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளைப் பழைய வழக்கப்படி அமைத்து வைத்தவை, இரண்டாகப் பிரித்துச் சொல்லும்: வகை டார், அதன் மேல் பூசிய குறியாக்கம் ஜிஜிப். இணைய விதிப்படி இரண்டாவதற்குப் பொருள், "வழியில் சுருக்கி அனுப்பியிருக்கிறேன், நீ விரித்துக்கொண்டால் டார் கிடைக்கும்" என்பது. இப்போது உலாவி என்ன செய்கிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும்.

உலாவி விரிக்காமல் அப்படியே சேமித்தால், உள்ளே ஜிஜிப், சீட்டில் டார். டிஸ்க்புரோப்பில் 1எஃப், 8பி தெரியும். வகையை ஜிஜிப் என்று மாற்றினால் நோய் தீர்ந்தது. ஜிஜிப்புக்கு அப்ளிகேஷன்/ஜிஜிப், அப்ளிகேஷன்/எக்ஸ்-ஜிஜிப் என்று இரண்டு பெயர்கள் வழக்கில் இருக்கின்றன. எக்ஸ் போட்டது பழையது. போடாதது 2012இல் முறைப்படி பதிவானது. உங்கள் கணினியின் ஃபைல்டைப்ஸ் அமைப்புப் பட்டியலில் எது எக்ஸ்பாண்டரோடு இணைந்திருக்கிறதோ அதையே எல்லாக் கோப்புகளுக்கும் வையுங்கள். எது மேலானது என்ற விவாதம் இங்கே தேவையில்லை. எல்லாம் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம்.

உலாவி விரித்துவிட்டுச் சேமித்தால் கதை வேறு. பெயரில் ஜிஇசட் இருக்கும், உள்ளே வெறும் டார். கோப்பு எதிர்பார்த்ததைவிடப் பெரியதாக இருக்கும். பதிவிறக்கப் பக்கத்தில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிட்டால் உடனே தெரியும். எஸ்எச்ஏ256 கைரேகையும் பக்கத்தில் கொடுத்ததோடு பொருந்தாது. இதைப் பார்த்து, யாரோ கோப்பில் விஷமம் செய்துவிட்டார்கள் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. டிஸ்க்புரோப்பில் 257ஆவது இடத்தைப் பாருங்கள். யூஸ்டார் இருந்தால் நடந்தது இதுதான். டெர்மினலில் டார் கட்டளைக்கு இசட் தெரிவு கொடுத்தால் இது ஜிஜிப் அல்ல என்று மறுக்கும். எக்ஸ், எஃப் இரண்டை மட்டும் கொடுங்கள், டார் தானாகவே பார்த்துப் பிரித்துவிடும். பிரித்தாகிவிட்டதென்றால் வகையைத் திருத்தும் வேலையே இல்லை. அந்தக் கோப்பைப் பிறருக்குக் கொடுப்பதாக இருந்தால் மட்டும் பெயரிலிருந்து ஜிஇசட்டை நீக்கி, வகையை டார் என்று வையுங்கள். கைரேகை பொருந்தித்தான் ஆக வேண்டும் என்றால், டெர்மினலில் கோப்புகளை இறக்கும் கர்ல் கட்டளையில், விரிக்கும் தெரிவு எதையும் கொடுக்காமல், மறுபடி இறக்குங்கள். சர்வர் அனுப்பிய பைட்டுகள் அப்படியே வந்து சேரும்.

சர்வர் என்ன சொல்கிறது என்பதை நேரிலேயே கேட்கவும் முடியும். கர்ல் கட்டளையில் பெரிய ஐ தெரிவு கொடுத்தால் கோப்பை இறக்காமல் தலைப்பு வரிகளை மட்டும் காட்டும். கன்டென்ட்-டைப், கன்டென்ட்-என்கோடிங் என்ற இரண்டு வரிகளையும் படியுங்கள். சில நூறு பைட்டுகளில் முடிகிற வேலை, டேட்டா மிச்சம்.

அறிகுறி: பெயரில் ஜிப், வகையில் டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்

இங்கே சீட்டு உண்மையைச் சொல்கிறது, பெயர்தான் பொய். அளவைப் பாருங்கள்: சில கேபி மட்டுமே இருக்கும். வந்திருப்பது கோப்பே அல்ல, ஒரு வலைப்பக்கம். உள்நுழையச் சொல்லும் பக்கமாக இருக்கலாம். "பதிவிறக்கம் 5 நொடிகளில் தொடங்கும்" என்று காக்க வைக்கும் பக்கமாக இருக்கலாம். பொது வைஃபையின் ஓடிபி கேட்கும் பக்கமாகவும் இருக்கலாம். ரயில் நிலைய வைஃபையில் இறக்கிக்கொண்டு வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் இந்தக் கோப்பை நிறையப் பார்க்கிறேன். வகையை ஜிப் என்று மாற்றுவதால் எந்தப் பயனும் இல்லை. இருமுறை சொடுக்குங்கள், வெப்பாசிடிவ் அதைப் பக்கமாகவே திறந்து காட்டும். என்ன கேட்கிறது என்று அங்கேயே படித்துவிடலாம். பிறகு அந்தக் கோப்பை அழித்துவிட்டுச் சரியான சுட்டியிலிருந்து இறக்குங்கள்.

அறிகுறி: வகை சரி, சின்னம் சரி, ஆனால் பிரிய மறுக்கிறது

தலையில் பி, கே இருக்கிறது, ஆகவே எல்லோரும் ஜிப் என்று ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் ஜிப்பின் பொருளடக்கம் கோப்பின் வாலில்தான் இருக்கிறது. பாதியில் நின்ற பதிவிறக்கத்தில் தலை இருக்கும், வால் இருக்காது. ஹாட்ஸ்பாட் தந்தவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு எழுந்து போனாலே போதும். அன்ஜிப் கட்டளையை சிறிய டி தெரிவோடு ஓட்டினால், முடிவுப் பகுதியைக் காணவில்லை என்று அது சொல்லிவிடும். மைம்செட்டால் இதற்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கர்ல் கட்டளையில் பெரிய சி தெரிவும் அதன் பின் ஒரு சிறுகோடும் கொடுத்தால், சர்வர் ஒத்துழைக்கும்பட்சத்தில், விட்ட இடத்திலிருந்து தொடரும். முதலிலிருந்து இறக்க வேண்டியிருக்காது.

அறிகுறி: பென்டிரைவில் போய்வந்த பிறகு வகை மாறிவிட்டது

வண்ணாரப்பேட்டை ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்கப் போன பென்டிரைவ் திரும்பி வரும்போது இது நடக்கிறது. கடைக்காரர் மேல் பழி இல்லை. பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் இருக்கின்றன. அதில் பண்புகளுக்கு இடமே கிடையாது. நீங்கள் திருத்தி வைத்த வகை, மெட்டா யூஆர்எல், எல்லாம் ஹைக்குவை விட்டு வெளியேறும்போதே உதிர்ந்துவிடுகின்றன. திரும்பி வரும்போது பெயரின் நீட்சியை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. கைப்பேசியிலிருந்து நீட்சியே இல்லாத பெயரோடு வரும் கோப்புகளுக்கு அதுவும் இல்லை. பென்டிரைவில் இருக்கும்போதே வகையைத் திருத்தினால் அது நிலைக்காது. முதலில் டெஸ்க்டாப்புக்கோ ஹோம் கோப்புறைக்கோ நகலெடுத்து, அங்கே திருத்துங்கள்.

ஹைக்குவிலிருந்து ஹைக்குவுக்குப் போகும் கோப்புகள் என்றால் ஜிப் செய்து அனுப்புவது நல்லது. ஹைக்குவின் ஜிப் பண்புகளையும் சேர்த்தே கட்டும். மறுபக்கத்தில் அன்ஜிப் அவற்றைத் திரும்ப ஒட்டிவிடும். இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு: அனுப்பியவர் கணினியில் தவறான வகை இருந்தால் அந்தத் தவறும் பத்திரமாக வந்து சேரும். புதிதாகப் பிரித்த கோப்புறையில் ஒரே ஒரு கோப்பு விநோதமான வகையோடு இருந்தால் அனுப்பியவரின் கணினியைச் சந்தேகியுங்கள்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகளைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். ட்ராக்கரில் கொம்பு, எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கலாம். அதைப் பார்த்துப் பெயர் சிதைந்துவிட்டது என்று எண்ணி மாற்றிவிடாதீர்கள். தமிழ் போன்ற எழுத்துகளை வரிசை மாற்றி வரையும் வேலையை ஹைக்குவின் சொந்தச் சாளரங்கள் செய்வதில்லை. நம் எழுத்து அங்கே சரியாகத் தெரிய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்கான வேலையை யாராவது எடுத்துச் செய்தால் வடசென்னையின் இந்த மூலையிலிருந்து சோதித்துப் பார்த்துச் சொல்லப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள்.

அறிகுறி: வகை சரி, ஆனால் இந்தக் கோப்பு மட்டும் ஸ்டைல்ட்எடிட்டில் திறக்கிறது

ஸ்டைல்ட்எடிட் ஹைக்குவின் உரைத் திருத்தி. யாரோ ஒருமுறை "இதைக் கொண்டு திற" என்று தேர்ந்து, அதையே நிரந்தரமாக்கிவிட்டிருக்கிறார்கள். வகைக்கு ஒரு விருப்பச் செயலி இருப்பதுபோல ஒவ்வொரு கோப்புக்கும் தனியாக ஒன்று இருக்கலாம். தனியாக இருப்பதுதான் வெல்லும். ஃபைல்டைப் சாளரத்தில் விருப்பச் செயலியை டிஃபால்ட் என்று மாற்றிச் சேமியுங்கள். எல்லா ஜிப் கோப்புகளும் தவறான செயலியில் திறந்தால் கோளாறு வகையின் மட்டத்தில் இருக்கிறது. அமைப்புகளில் ஃபைல்டைப்ஸைத் திறந்து, அப்ளிகேஷன் பிரிவில் ஜிப்பைத் தேர்ந்து, விருப்பச் செயலியாக எக்ஸ்பாண்டரை வையுங்கள்.

அறிகுறி: எச்பிகேஜி பொதியைச் சொடுக்கினால் ஹைக்குடிப்போ வரவில்லை

ஹைக்குடிப்போதான் பொதிகளை நிறுவும் செயலி. எச்பிகேஜியின் வகை அப்ளிகேஷன்/எக்ஸ்-விஎன்டி.ஹைக்கு-பேக்கேஜ். சர்வருக்குப் பெரும்பாலும் இது தெரியாது. ஆகவே ஆக்டெட்-ஸ்ட்ரீம் என்று வந்து சேரும். மேலே சொன்ன 'சேம் ஆஸ்' வழி இதற்கும் பொருந்தும். வகையைத் திருத்தவே விருப்பமில்லையா, டெர்மினலில் பிகேஜிமேன் இன்ஸ்டால் என்று அடித்து, கோப்பின் பாதையைக் கொடுங்கள். அது வகையைப் பார்ப்பதில்லை, பொதியைத்தான் பார்க்கிறது. பெயரின் கடைசியில் எக்ஸ்86_64 என்று இருந்தால் 64 பிட் ஹைக்குவுக்கு மட்டும்தான். எங்களிடம் இருப்பதுபோல் 32 பிட் கணினியில் அது ஏறாது, வகை எவ்வளவு சரியாக இருந்தாலும்.

அறிகுறி: தேடலில் பாதி ஜிப் கோப்புகள் வருவதில்லை

தேடல் சாளரத்தில் வகையை ஜிப் என்று தேர்ந்து தேடினால், சீட்டில் ஜிப் என்று சரியாக எழுதியவை மட்டும்தான் வரும். எக்ஸ்-ஜிப்-கம்ப்ரெஸ்டும் ஆக்டெட்-ஸ்ட்ரீமும் வெளியே நிற்கும். பெயரில் ஜிப் என்று முடிபவற்றைத் தேடுங்கள். வரும் முடிவுச் சாளரத்தில் கைண்ட் என்ற பத்தியைச் சேர்த்து, அதன்படி வரிசைப்படுத்துங்கள். வேறு வகையில் நிற்பவை ஒரே இடத்தில் திரண்டு கண்ணில் படும். அவற்றை மட்டும் தேர்ந்து திருத்துங்கள்.

ஹோம் கோப்புறை முழுவதற்கும் மைம்செட்டைப் பெரிய எஃப்போடு ஓட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். ஹைக்குவில் முகவரிப் புத்தகத்தின் பெர்சன் கோப்புகளும் உலாவியின் புக்மார்க்குகளும் உள்ளடக்கமே இல்லாதவை. பெயர், தொலைபேசி, முகவரி எல்லாம் பண்புகளில்தான் வாழ்கின்றன. உள்ளே ஒரு பைட்டும் இல்லாத கோப்பைப் பார்த்து ரெஜிஸ்ட்ரார் என்ன ஊகிக்க முடியும்? பெர்சன் என்ற வகை அழிந்து பொது வகை வந்துவிடும். சொடுக்கினால் முகவரி திறக்காது. தரவு பண்புகளில் அப்படியே இருக்கும், வகையைத் திரும்ப எழுதினால் மீண்டுவிடும். ஆனால் நூற்றுக்கணக்கான கோப்புகளில் எது எதுவாக இருந்தது என்று தேடித் திருத்துவது பெரும் வேதனை. டிஓசிஎக்ஸ், ஓடிடி, ஜார், ஈபப் இவையும் உள்ளுக்குள் ஜிப்தான். கண்மூடித்தனமான கட்டாய ஊகத்தில் மாணவரின் கட்டுரை ஜிப் ஆகி நிற்கலாம். பெரிய எஃப்பைப் பதிவிறக்கக் கோப்புறைக்குள், தேர்ந்தெடுத்த கோப்புகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: திருத்தத் திருத்த அதே தளத்திலிருந்து தவறான வகையே வருகிறது

எக்ஸ்-ஜிப்-கம்ப்ரெஸ்டு போன்ற ஒரு மாற்றுப்பெயர் ஓயாமல் வருகிறதென்றால், அதையும் ஒரு வகையாக ஃபைல்டைப்ஸில் சேர்த்து, விருப்பச் செயலியாக எக்ஸ்பாண்டரைக் கொடுத்துவிடுங்கள். சின்னமும் ஜிப்பினுடையதையே வைக்கலாம். சொடுக்கினால் திறக்கும், தேடலில் மட்டும் தனி வகையாக நிற்கும். நீங்கள் சேர்ப்பவை ஹோம் கோப்புறைக்குள் கான்ஃபிக், செட்டிங்ஸ், மைம்_டிபி என்ற இடத்தில் சேமிக்கப்படுகின்றன. கணினியை மீண்டும் நிறுவுவதற்கு முன் அந்தக் கோப்புறையை ஜிப் செய்து எடுத்து வைத்துக்கொண்டால் மறுபடி சேர்க்கும் வேலை மிச்சம். ஃபேட் பென்டிரைவில் அப்படியே நகலெடுத்தால் பண்புகள் உதிர்ந்து வெற்றுக் கோப்புகள்தான் மிஞ்சும், ஆகவே ஜிப்தான்.

ஊகிக்கும் விதிகளையே பார்க்க விரும்புகிறவர்கள் ஃபைல்டைப்ஸின் அமைப்புப் பட்டியில் அடையாள விதிகளைக் காட்டச் சொல்லலாம். ஒவ்வொரு விதியிலும் முதலில் 0 முதல் 1 வரை ஒரு முன்னுரிமை எண், பிறகு தேட வேண்டிய பைட்டுகள். புதிய வகைக்கு விதி எழுதும்போது ஜிப்பின் பி, கே விதியோடு போட்டி போடும்படி உயர்ந்த எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். நன்றாக இருந்த கோப்புகளும் புதிய வகைக்குத் தாவிவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் உலாவி தவறாக எழுதுகிறது என்று உறுதியானால், ஹைக்குவின் பிழைப் பதிவேட்டில் எழுதுங்கள். தமிழர்கள் அங்கே எழுதுவது குறைவு, எழுத வேண்டும். "ஜிப் திறக்கவில்லை" என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. கோப்பின் முகவரி, கர்ல் காட்டிய கன்டென்ட்-டைப் வரி, லிஸ்ட்ஆட்டர் காட்டிய பண்புகள், கோப்பின் முதல் 16 பைட்டுகள், அபௌட் சாளரத்தில் தெரியும் ஹைக்குவின் பதிப்பு எண் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். வெப்பாசிடிவ் அல்லாத வேறோர் உலாவியிலும், டெர்மினலில் கர்ல் மூலமும் அதே கோப்பை இறக்கினால் வகை எப்படி வருகிறது என்பதையும் குறிப்பிடுங்கள். பிழை உலாவியில் இருக்கிறதா, ரெஜிஸ்ட்ராரில் இருக்கிறதா, சர்வரிலேயே இருக்கிறதா என்று பிரித்தறிய அவர்களுக்கு அந்த ஒப்பீடுதான் தேவை.